மஞ்சளேறிய குப்பி

மான் வேட்டை தொடங்க இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில்தான், தோட்டாவுக்கு வெடிமருந்து நிறுக்கும் மின்கருவி ஒன்றைப் பார்த்துச் சொல்லும்படி என் அண்ணன் ரோலண்ட் என்னிடம் கேட்டான்.

அவனுக்கு அது தேவைப்பட்டது உண்மை. கோடையில் தானியக் கிடங்கில் அவனுடைய வலது மணிக்கட்டு இயந்திரத்தில் சிக்கி நொறுங்கியது. எலும்பு கூடிவிட்டது, நடுக்கம் போகவில்லை. தோட்டாவைக் கடையில் வாங்காமல் நாங்கள் சேர்ந்து இருக்கும் வீட்டின் பேஸ்மென்ட்டிலேயே கட்டிக்கொள்பவன் அவன். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கழுவி, அடியில் பொறி கிளப்பும் புதுக் கேப்பு அடித்து, மருந்து போட்டு, குண்டு பொருத்துவான். மற்ற வேலைகளை இடது கையால் ஒப்பேற்றினான். மருந்து நிறுப்பதுதான் முடியவில்லை. தண்டுத் தராசின் கிண்ணத்தில் கடைசித் துணுக்குகளை விரலால் சுண்டிச் சுண்டிப் போடவேண்டும். அவன் சுண்டினால் ஒரு சிட்டிகை விழுந்தது.

"வாத்தியாரம்மா, நீதான் காசு கட்டி அளக்கறதையே பாடமா படிக்கிறியே. நல்ல மெஷினா ஒண்ணு பாத்துச் சொல்லு."

பகலில் மரக்கடையில் பில் போடுகிறேன். வாரத்தில் இரண்டு மாலை, கல்லூரியின் கிளையில் அளவுக் கருவிகள் பற்றிய வகுப்பு. அதில் நான் கெட்டிக்காரி அல்ல. ஒன்றை மூன்று முறை அளப்பேன். மூன்றும் ஒன்றாக வந்தால், ஏன் ஒன்றாக வந்தது என்று கவலைப்படுவேன். ரோலண்டுக்கு இது பெரிய வேடிக்கை.

ஆனால் இந்த முறை அவன் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை. லின்னியா வருகிறாள். அவன் மகள், இந்த வசந்தத்தில் பன்னிரண்டு முடிந்தவள், பில்லிங்ஸ் நகரத்தில் அம்மாவோடு இருப்பவள். ஆசிரியர் மாநாட்டுக்காகப் பள்ளிகள் மூடும் இரண்டு நாளும் சிறார்களுக்கு மட்டும் மான் வேட்டை முன்னதாகவே திறக்கும். அந்த இரண்டு நாளுக்கு அவளை அனுப்ப அவள் அம்மா சம்மதித்திருந்தாள். ரோலண்ட் சிறுவயதில் சுட்ட அதே சின்னத் துப்பாக்கிதான் அவளுக்கும். அதற்குரிய தோட்டா ஒரு வருடமாக எந்தக் கடையிலும் இல்லை. அவன் கட்டினால்தான் உண்டு.

நான் என் வழக்கப்படி தொடங்கினேன். இந்தக் கருவிகள் எல்லாமே ஒரே மாதிரிதான். மேலே மருந்து கொட்டும் ஒரு குப்பி, அதன் அடியில் சுழலும் குழல், முன்னால் சிறு கிண்ணம் வைத்த தராசு. வேண்டிய எடையைத் தட்டினால் குழல் சுழன்று மருந்தைச் சொரியும். கடைசியில் மெதுவாகி, துணுக்கு துணுக்காக உதிர்த்து, பீப் என்று நிற்கும். வித்தியாசம் எல்லாம் சின்ன விஷயங்களில். ஒன்று சூடேற அரை மணி நேரம் எடுக்கும். இன்னொன்று வேகமானது, ஆனால் குழல்விளக்கு வெளிச்சத்தில் அதன் எடை நகர்ந்துகொண்டே இருக்கும் என்று சொன்னார்கள். மூன்றாவதைக் கைப்பேசியாலேயே இயக்கலாம், ஆனால் கைப்பேசி பக்கத்தில் இருந்தாலே அதற்குத் தடுமாற்றம். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. வேலை முடிந்ததும் குப்பியை முழுசாகக் காலி செய்ய முடிகிறதா? பாதிக் கருவிகளில் குழலுக்குள் கொஞ்சம் மருந்து தங்கிவிடும்.

"தங்கினா என்ன? அடுத்த தடவ அதே மருந்துதானே?" என்றான் ரோலண்ட்.

"அடுத்த தடவ வேற மருந்துன்னா?"

"அதுக்குத்தான் விதி இருக்கு."

விதியை எனக்குத் தெரியும். தோட்டா கட்டுகிற எல்லாருக்கும் தெரியும். மேசைமேல் எப்போதும் ஒரே ஒரு மருந்து டப்பா. மற்றவை அலமாரியில், கதவு மூடி. ஒரு கறுப்பு மருந்துக்கும் இன்னொரு கறுப்பு மருந்துக்கும் கண்ணால் வித்தியாசம் தெரியாது. ஒன்று மெல்ல எரிந்து குண்டைத் தள்ளும், இன்னொன்று பொசுக்கென்று எரிந்து இரும்பைப் பிளக்கும். ரோலண்ட் அந்த விதியை மீறி நான் பார்த்ததில்லை.

தேர்ந்தெடுத்தது ஒன்றும் பயன்படவில்லை. நான் சொன்ன கருவி கடையில் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வராது என்றார் கடைக்காரர். மற்ற இரண்டும் அப்படியே. அன்று மாலை ரோலண்ட் ஒரு துண்டு விளம்பரத்தோடு வந்தான். ஊருக்கு வெளியே, இறந்துபோன ஒருவரின் சாமான்கள் விற்பனைக்கு. அவற்றில் நான் சொன்ன அதே கருவி.

சனிக்கிழமை போனோம். வீட்டுக்காரி ஓபல் கிரைடர், எழுபதுக்கு மேல், கணவரின் வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கராஜ் வாசலில் உட்கார்ந்திருந்தார். கணவர் வெர்ன் ஆகஸ்டில் மாரடைப்பில் போயிருந்தார். கராஜின் உள்ளே இருந்த வேலை மேசையைப் பார்த்ததும் அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு கருவிக்கும் சுவரில் ஆணி, ஆணியைச் சுற்றி அந்தக் கருவியின் வடிவம் பென்சிலால் வரைந்திருந்தது. தூசி துடைக்கும் பிரஷ்ஷுக்குக்கூட.

அந்த மேசையில், துணி போர்த்தி, கருவி இருந்தது. துணியை எடுத்தேன். குப்பியில் கால்வாசிக்கு மருந்து இருந்தது. மருந்து நிற்கும் உயரம்வரை பிளாஸ்டிக் மஞ்சளாகி, உள்பக்கம் மங்கிப்போயிருந்தது.

மருந்தைக் குப்பியிலேயே விட்டால் பிளாஸ்டிக்கை அது தின்றுவிடும். ஒரு நாளில் அல்ல. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கிடந்தால். பிரஷ்ஷுக்கு ஆணி அடித்த மனிதர் எப்படி இதை விட்டார்?

"இது ஏன் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டேன்.

"வயசானா எல்லாம் மஞ்சளாத்தான் ஆகும், பொண்ணே. என் பல்லைப் பாரு" என்றார் ஓபல்.

ரோலண்ட் சிரித்தான். அவன் ஏற்கெனவே கருவியைப் பிளக்கில் செருகி, எடைக்கல்லை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எண்கள் அசையாமல் நின்றன.

சுவரில் ஒரு துப்பாக்கி மாட்டியிருந்தது. மற்ற எல்லாவற்றிலும் விலைச்சீட்டு இருந்தது, அதில் இல்லை. அதன் மரக்கட்டை, கை பிடிக்கும் இடத்திலிருந்து பின்னுக்கு, நெடுக்காகப் பிளந்திருந்தது. பிளவை யாரும் ஒட்டவில்லை.

"அது விக்கறதுக்கு இல்ல" என்றார் ஓபல், நான் கேட்காமலே. பிறகு ரோலண்டைப் பார்த்து, "வெர்ன் கடைசி ரெண்டு வருஷமா இடது கண்ணாலதான் பாத்தார், தம்பி. சுடறதையே விட்டுட்டார். ஒண்ணையும் தொடல" என்றார்.

"என் தாத்தாவுக்கும் கண்ணுல புரை விழுந்துச்சு" என்றான் ரோலண்ட், பணத்தை நீட்டியபடி.

ஓபல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் இன்னொரு வண்டி வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டு பணத்தைக் கோட்டுப் பையில் போட்டார். நான் அதைப் பார்த்தேன். பார்த்ததாகத்தான் நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது கருவி என் மடியில் இருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் குப்பிக்குள் மருந்து சரசரத்தது.

"முதல்ல இதைக் கொட்டிடு" என்றேன்.

"கொட்டாம? என்னன்னே தெரியாத மருந்தை வெச்சு பாயசமா காய்ச்சப்போறேன்?"

செவ்வாய்க்கிழமை எனக்கு வகுப்பு இருந்தது. வகுப்புக்குள் நுழையும்போது அந்த வருடத்தின் முதல் பனி விழத் தொடங்கியது. வெளியே வந்தபோது நின்றுவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து பேஸ்மென்ட் படியில் இறங்கினேன். ரோலண்ட் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். கருவியின் குப்பி காலி. மேசைமேல் ஒரே ஒரு டப்பா, மூடியோடு. பக்கத்தில் பிளாஸ்டிக் பெட்டியில் வரிசை வரிசையாகப் புதுத் தோட்டா.

"பாரு, வாத்தியாரம்மா. ஒவ்வொண்ணும் ஒரே எடை. பழைய தராசுலயும் வெச்சுப் பாத்துட்டேன். இம்மி பிசகல. என் கையைவிட இந்தச் சனியன் தேவலாம்."

அவன் முகத்தில் கோடைக்குப் பிறகு நான் பார்க்காத சந்தோஷம் இருந்தது.

"குப்பியில பழைய மருந்து இருந்துச்சே?"

"அதை வெச்சுத்தான் மொதல்ல ஓட்டிப் பாத்தேன். நம்ம மருந்தை எதுக்கு வீணாக்கணும்? பத்து தடவ போட்டுச்சு, பத்தும் சரி."

"அப்புறம்?"

"அப்புறம் கொட்டிட்டேன்."

"எங்க?"

"எங்கன்னா? வெளிய. ரோஜாச் செடிக்கு. எப்பவும் கொட்டற எடம்." புனலைத் துணியால் துடைத்தபடி சொன்னான். "சாப்பிட்டியா? அடுப்புல சில்லிக் குழம்பு இருக்கு."

மேலே போய்ச் சில்லியைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்று சாப்பிட்டேன். பின்வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பனி படியிலிருந்து ரோஜாச் செடிவரை ஒரு விரற்கடை உயரத்துக்கு விரிந்து கிடந்தது. அதில் காலடி இல்லை. ஒரு கறுப்புத் துணுக்கும் இல்லை.

பனி விழுவதற்கு முன்னால் கொட்டியிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். நான் கிளம்பும்போது அவன் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். பிறகு கருவி சூடேற வேண்டும். பிறகு பத்துத் தடவை ஓட்டவேண்டும். அதற்குள் பனி தொடங்கியிருக்கும். இல்லை, அவன் கருவியை முன்னதாகவே போட்டுவைத்திருந்தால்? நான் கீழே எட்டிப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாது.

காலையில் அவன் எழுவதற்கு முன் பேஸ்மென்ட்டுக்குப் போனேன். டப்பாவிலிருந்து கொஞ்சம் மருந்தை வெள்ளைத்தாளில் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பென்சில் முனை உடைந்தாற்போல் சின்னச் சின்னக் கறுப்புக் குச்சிகள். சில கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தன. சிலவற்றில் பச்சையாக ஒரு பளபளப்பு. தாளைத் திருப்பினால் வேறு சிலவற்றில் பளபளத்தது.

"என்ன, எறும்பு மேய்க்கறியா?" ரோலண்ட் படியில் நின்றிருந்தான்.

"பழைய மருந்தை இந்த டப்பாவுல கொட்டலையே?"

"மாரிட்." வாத்தியாரம்மா என்று கூப்பிடாமல் என் பெயரைச் சொன்னான்.

"கேக்கறேன், அவ்வளவுதான்."

"நான் என்ன நேத்திக்குத் தோட்டா கட்டக் கத்துக்கிட்டவனா?"

"வெளிய பனியில ஒண்ணுமே இல்ல, ரோலண்ட்."

"பனி அப்புறம் பெஞ்சிருக்கும்." காப்பியை ஒரு மிடறு குடித்தான். "இந்த டப்பாவைக் கொட்டிடலாம்னு வெச்சுக்க. ஊர்ல மருந்து கிடையாது. நாளைக்கு விடியறப்ப லின்னி கையில என்ன குடுப்ப? உண்டிவில்லா? அவ அம்மா இந்த ரெண்டு நாளைக் குடுக்கறதுக்கு நான் எவ்வளவு கெஞ்சினேன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியும். கெஞ்சியபோது நான் அடுத்த அறையில் இருந்தேன்.

மரக்கடையில் அன்று இரண்டு பில்லைத் தப்பாகப் போட்டேன். மஞ்சள் குப்பி மனசைவிட்டுப் போகவில்லை. சுவரில் ஒவ்வொரு ஆணியையும் சுற்றிக் கோடு போட்டவர், பாதி வேலையில் எழுந்துபோனவர் மாதிரி மருந்தைக் குப்பியிலேயே விட்டிருக்கிறார். இரண்டு வருடமாகத் தொடவில்லை. மதிய இடைவேளையில் ஓபலுக்குப் போன் செய்தேன். நான் யாரென்று சொன்னேன். எப்படிக் கேட்பதென்று தெரியாமல், கருவி கடைசியாக எப்போது ஓடியது என்று கேட்டேன்.



"அவருக்குக் கண்ணு போனதுக்கு முந்தின நாள் ஓடிச்சு" என்றார் ஓபல். "மறுநாள் அந்தத் தோட்டாவை எடுத்துட்டுத்தான் போனார். துப்பாக்கி முகத்துகிட்டயே வெடிச்சிடுச்சு. ஏன்னு அவருக்கே தெரியல, பொண்ணே. எங்கயோ ரெண்டு மருந்து கலந்துபோச்சு, எங்கன்னு தெரியலன்னு சாகறவரைக்கும் சொல்லிட்டிருந்தார். உன் அண்ணன்கிட்ட சொல்லணும்னு வாயெடுத்தேன். அந்த ஜனங்க வந்துட்டாங்க. உள்ள இருந்ததைக் கொட்டிட்டீங்கல்ல?"

"கொட்டிட்டோம்னு சொல்றான்" என்றேன்.

ரோலண்டுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. தலைவலி என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வீட்டு வாசலில் அவனுடைய பிக்கப் வண்டி இல்லை. சமையலறை மேசையில், அதற்குள் வந்துவிட்டிருந்த லின்னியாவின் பை, பிரித்த குக்கி பாக்கெட், சிவப்பு நகப்பாலிஷ் புட்டி ஒன்று, மூடி சரியாக மூடாமல். பேஸ்மென்ட்டில் தோட்டாப் பெட்டி இல்லை. கருவி மட்டும் பச்சை எண்ணில் சுழியத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அணைக்காமல் விட்டால் எடை நகராது என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

வேட்டைக்கு முந்தின நாள் துப்பாக்கியைக் குறிபார்த்துச் சரிசெய்யவேண்டும். அதற்கு ஊரில் எல்லோரும் போவது பழைய சரளைக் குழிக்குத்தான். வழியெல்லாம் ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டினேன். வெடிச்சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு. காற்றுதான் கேட்டது.

பிக்கப் குழியின் வாயில் நின்றிருந்தது. கீழே இறக்கிவிட்ட பின்கதவில் லின்னியா உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆரஞ்சுக் கோட்டு முட்டிவரை தொங்கியது. ரோலண்ட் பாயை விரித்து, அதன்மேல் துப்பாக்கியை வைத்துவிட்டு, தூரத்தில் குறிபார்க்கும் காகிதத்தை மாட்டித் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

"அத்தை! என்னோட தோட்டாவைப் பாத்தியா?"

"என்ன, கடை எரிஞ்சுபோச்சா?" என்றான் ரோலண்ட்.

ஓபல் சொன்னதைச் சொன்னேன். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். அவன் முகம் ஒரு கணம் எங்கோ போய்த் திரும்பி வந்தது.

"பாவம் அந்தாளு" என்றான். "அதான் கொட்டிட்டேன்னு சொன்னேனே."

"நிச்சயமா?"

"நீ இன்னைக்குக் காலைல பல்லு தேச்சியா?"

"தேச்சேன்."

"நிச்சயமா?"

யோசித்தேன். தினமும் தேய்க்கிறேன், அதனால் இன்றும் தேய்த்திருப்பேன் என்பதைத் தவிர எனக்கு வேறு ஞாபகம் இல்லை. அவன் வென்றுவிட்டதாக நினைத்துச் சிரித்தான். நான் அவன் கையைப் பார்த்தேன். அவன் கையும் தினமும் ஒரே வேலையைத்தான் செய்கிறது. வேலை முடிந்ததும் குப்பியைக் கழற்றி, இடது பக்கம் திறந்திருக்கும் டப்பாவில் மிச்சத்தைக் கவிழ்க்கும். மேசையில் ஒரே டப்பாதான் இருக்கும் என்பதால் அந்தக் கை என்றைக்கும் நின்று பார்க்கவேண்டி வந்ததில்லை. ரோஜாச் செடிக்குப் போவது வருடத்தில் ஒரு தடவை.

"சரி, அப்ப நான் மொதல்ல சுடறேன்" என்றேன்.

"நீயா? நீ சுட்டு எத்தன வருஷமாச்சு?"

"நிச்சயம்னுதானே சொல்ற?"

பாயில் படுத்தேன். துப்பாக்கி சின்னது, எனக்கே சின்னது. கட்டையில் கன்னத்தை வைத்தபோது அது குளிர்ந்திருந்தது. பெட்டியை நோக்கிக் கை நீட்டினேன். ரோலண்டின் பூட்ஸ் என் முகத்துக்குப் பக்கத்தில் நின்றது. அவன் குனிந்து, நடுங்குகிற கையைத் துப்பாக்கியில் தோட்டாவை உள்ளே பூட்டும் போல்ட்மேல் வைத்தான்.

"எந்திரி."

"ஏன்?"

"எந்திரின்னேன்ல."

"ஏன் அப்பா அத்தை சுடக்கூடாது?" என்று லின்னியா கேட்டாள்.

அவன் பிக்கப்பின் பின்னாலிருந்து பழைய டயர் ஒன்றை உருட்டி வந்தான். துப்பாக்கியை அதில் வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். விசையில் நீளமான நூல்கயிற்றைச் சுற்றினான். "உன் திருப்திக்கு" என்று மட்டும் சொன்னான்.

பெட்டியின் வலது ஓரத்திலிருந்து ஒரு தோட்டாவை எடுத்துப் போட்டான். மூவரும் பிக்கப்பின் மறுபக்கம் குனிந்தோம். லின்னியாவின் தலையை நான் என் கைக்கடியில் வைத்துக்கொண்டேன். கயிற்றை இழுத்தான். வெடித்தது. சாதாரணச் சத்தம். போல்ட் சுலபமாகத் திறந்தது. கூட்டை எடுத்து என் கண்முன் காட்டினான். கேப்பு நசுங்காமல், உருண்டையாக, ஒழுங்காக இருந்தது. வலது ஓரத்திலிருந்தே இன்னொன்று. அதுவும் அப்படியே.

"பாத்தியா? வெண்ணெய் மாதிரி." அவன் மூச்சு விட்டான். அவ்வளவு நேரம் பிடித்துவைத்திருந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. "புத்தகப் படிப்பு இப்படித்தான் ஆளைக் கெடுக்கும். லின்னி, வா. உன் முறை."

லின்னியா குதித்து இறங்கினாள். அவன் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. நான் தப்பாக இருப்பது எனக்குப் பழக்கம். பெட்டியை மூடலாம் என்று குனிந்தேன். இடது ஓரத்தில் முதல் குழி காலியாக இருந்தது. அங்கிருந்து யாரும் எடுக்கவில்லையே.

"மொதல் தோட்டா எங்க?"

"என்கிட்ட." லின்னியா கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அதன் அடியில் சிவப்பு நகப்பாலிஷ் பொட்டு வைத்திருந்தது. "அப்பா கட்டினதுல மொதல்ல கட்டினது இதுதான். நாளைக்கு மானுக்கு."

"நீ எப்பவும் இடது பக்கத்துலேர்ந்துதானே அடுக்குவ?" என்று ரோலண்டைக் கேட்டேன்.

"ஆமா. அதுக்கென்ன?"

"நீ சுட்டது ரெண்டும் கடைசியா கட்டினது."

"எல்லாம் ஒரே டப்பா, மாரிட்."

"பழைய மருந்தை டப்பாவுல கொட்டியிருந்தா அது மேலதான் கிடக்கும். டப்பாவைச் சாய்ச்சா மேல இருக்கறதுதான் மொதல்ல விழும். குப்பிக்கு அடியில போய் நிக்கும். மெஷின் அதைத்தான் மொதல்ல எடுக்கும்."

அவன் கயிற்றை அவிழ்ப்பதை நிறுத்தினான். முடிச்சைப் பிடித்தபடியே நின்றான். பிறகு, என்னைப் பார்க்காமல், மகளிடம் கையை நீட்டினான்.

"அதைக் குடு, கண்ணு."

"இது மானுக்கு."

"குடு."

அவள் கொடுத்தாள். உதடு பிதுங்கியது, ஆனால் அழவில்லை. அவன் முடிச்சுகளை மறுபடி இறுக்கினான், முன்பைவிட அதிகமாக. சிவப்புப் பொட்டு உள்ளே போனது. இந்த முறை பிக்கப்பின் பின்னால் போனதும் லின்னியாவைத் தானே அணைத்து, தரையோடு அமுக்கி, மேலே கவிழ்ந்துகொண்டான். கயிற்றின் முனையை என்னிடம் தந்தான்.

இழுத்தேன்.

அது துப்பாக்கிச் சத்தம் இல்லை. தகரக் கொட்டகையை யாரோ இரும்புத் தடியால் அறைந்ததுபோல் இருந்தது. பிக்கப்பின் தலைக்குமேல் ஏதோ ஒன்று விர்ரென்று போனது. குழியின் சுவரிலிருந்து சரளை கொஞ்ச நேரம் உதிர்ந்துகொண்டிருந்தது.

எழுந்து போய்ப் பார்த்தோம். டயர் புரண்டு கிடந்தது. துப்பாக்கியின் வயிற்றுப்புறத்தை மூடும் அடித்தகட்டைக் காணவில்லை. போல்ட் பாதியில் இறுகி நின்றது, ரோலண்ட் பூட்ஸால் உதைத்தும் அசையவில்லை. மரக்கட்டை, கை பிடிக்கும் இடத்திலிருந்து பின்னுக்கு, நெடுக்காகப் பிளந்திருந்தது. கட்டையின் மேல், சுடுகிறவரின் கன்னம் வரும் இடத்தில், டயரின் ரப்பர் கையகலத்துக்குப் பிய்ந்து தொங்கியது. ரப்பரிலிருந்து இன்னும் புகை வந்துகொண்டிருந்தது.

லின்னியா எங்களுக்கு நடுவே வந்து நின்றாள்.

"அது என்னோடதுதானே?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

"நான் சுட்டிருந்தா?"

ரோலண்ட் பனியில் மண்டியிட்டிருந்தான். அவன் இடது கை அவளுடைய கோட்டின் ஓரத்தைப் பிடித்திருந்தது. வலது கையை முன்னால் தூக்கி, விரல்களைக் குப்பியைப் பிடிப்பதுபோல் வளைத்து, மெல்ல இடது பக்கம் கவிழ்த்தான். நிறுத்தினான். மறுபடி தூக்கினான். மறுபடி அதே பக்கம் கவிழ்த்தான்.

"ரோஜாச் செடிகிட்ட போனேனான்னு பாக்கறேன்" என்றான், என்னிடமோ யாரிடமோ. "கதவைத் தொறந்தேனான்னு பாக்கறேன். கை இந்தப் பக்கமே போகுது, மாரிட். எத்தன தடவ செஞ்சு பாத்தாலும் இந்தப் பக்கமே போகுது."

லின்னியா அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, மிச்சத் தோட்டாக்கள் இருந்த பெட்டியின் மூடியை, சத்தம் வராமல், இரண்டு கையாலும் மூடினாள்.